நாலேகால் பஸ்ஸும் ஓவர்சியர் சங்கரபாண்டியனும்

பேச்சியம்மாள் எனக்கு வருஷத்தில் இரண்டு முறைதான் போன் செய்வாள். பொங்கலன்று ஒரு முறை, தீபாவளி சீசன் முடிந்து பட்டாசுக் கம்பெனியில் லீவு விட்டதும் ஒரு முறை. போன மாதம் இந்த இரண்டிலும் சேராத ஒரு நாளில், காலை ஏழு மணி வாக்கில் கூப்பிட்டாள்.

"டீச்சர், நம்ம ஓவர்சியர் போயிட்டாக."

எந்த ஓவர்சியர் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் தெரிந்தவர் ஒருவர்தான்.

"எப்ப, பேச்சி?"

"நேத்துப் பொழுதடைய. மதுரை ஆசுபத்திரியில வச்சாம். சூலக்கரை வீட்டுக்குக் கொண்டாந்துட்டாகளாம். நான் இன்னைக்குக் கம்பெனி வேன்ல ஏறல. விருதுநகர் பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்கேன். நீங்க கிளம்பி நில்லுங்க."

இருவருமாகச் சூலக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது இருக்கும். வீட்டு வாசலில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாள் உள்ளே போகவில்லை. வானத்தைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், ஏணி மேல் நின்றவனைக் கூப்பிட்டாள்.

"ஏலே, மேக்க ஒரு தார்ப்பாய் இறக்கிக் கட்டு."

"எதுக்குக்கா? மறைப்பா இருக்கும். வர்றவுகளுக்கு வாசல் தெரியாது."

"எடுக்கிறதுக்கு நாலு மணி ஆகும்கிறாக. மூணு மணி வெயில் நேரா உள்ள வரும்லே. வந்த சனம் பூராம் எந்திரிச்சு எதுத்த வீட்டு நிழலுக்குப் போயிரும். அவுக தனியாக் கிடப்பாகளா?"

அவன் தார்ப்பாயை இறக்கிக் கட்டினான். அதன் பிறகுதான் பேச்சியம்மாள் அழுதாள்.

ஊராட்சி ஒன்றியத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்ற சங்கரபாண்டியனை இதைப் படிக்கிற உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சிலருக்கு அவர் தொகுப்பு வீடு அளந்து கொடுத்தவர். சிலருக்குக் கண்மாய் மடை கட்டியவர். அதிகம் பேசாதவர், காண்ட்ராக்டர்களிடம் டீ வாங்கிக் குடிக்காதவர் என்று துக்க வீட்டில் பேசிக்கொண்டார்கள். நான் அவரை ஒரே ஓர் இடத்தில்தான் அறிந்தேன். ஆவாரங்குளம் விலக்கில், ஒரு பஸ் ஸ்டாப்பில். அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற தடங்களில் ஒன்றில் அந்த விலக்கு இருக்கிறது. ஊருக்குள் பிரிகிற மண்சாலையில் கிழக்கே நடந்தால் நான் அறிவியல் ஆசிரியையாக இருந்த உயர்நிலைப் பள்ளி வரும். அதையும் தாண்டினால் பட்டாசுக் கம்பெனி. நான் அப்போது சிவகாசியில் குடியிருந்தேன். பள்ளி விட்டதும் நாலேகால் பஸ், அதை விட்டால் ஆறரைக்கு. கம்பெனிப் பெண்களும் அந்த நாலேகாலுக்குத்தான் வருவார்கள். அநேகமாக எல்லோரும் எம். புதுப்பட்டிப் பக்கத்து ஊர்க்காரர்கள். காலையில் கம்பெனி வேன் அவர்களை ஏற்றி வந்துவிடும். ஆனால் அது திரும்புவது ஆறு மணிக்கு மேல். அன்றைய எண்ணிக்கையை இரண்டு மணிக்கே முடித்துவிட்ட கைவேகக்காரிகள், பிள்ளைகளை நினைத்துக்கொண்டு, நாலேகாலைப் பிடிக்கப் பார்ப்பார்கள்.

இரண்டிலிருந்து நாலேகால் வரை எங்கே இருப்பது? இந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

சாலையை அகலப்படுத்தியபோது விலக்கில் நின்ற புளியமரங்கள் போய்விட்டன. அவற்றுக்குப் பதிலாக ஒரு பயணியர் நிழற்குடை வந்தது. நீங்கள் எல்லோரும் பார்த்த மாதிரிதான். மூன்று பக்கம் சுவர், தலைக்கு மேல் கான்கிரீட், உட்கார இரும்புக் குழாய், நெற்றியில் ஒரு பெரிய மனிதரின் பெயர். மாவட்டம் முழுவதற்கும் ஒரே வரைபடம். திறப்பு சாலையைப் பார்த்து இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. சிவகாசி பஸ் நிற்பது சாலையின் கிழக்கு ஓரம். அங்கே சாலையைப் பார்த்துத் திறந்து வைத்தால் மேற்கைப் பார்த்துத் திறந்து வைத்ததாகிவிடும். மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும், மனிதர்கள் வெளியே நிற்பார்கள். நிழல் இல்லாமல் இல்லை. அது கட்டடத்தின் முதுகுப் பக்கம், சீமைக்கருவேல முள் நிறைந்த பள்ளத்தில் விழுந்தது. அங்கே வெள்ளாடுகள் படுத்திருக்கும்.

அந்த இரும்புக் குழாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோயில் வெளிப் பிராகாரத்தில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு இது புரியும். கல் சுடும், பக்கத்தில் விரித்த சாக்கு அவ்வளவு சுடாது. இரண்டின் மேலும் ஒரே வெயில்தான். கல் தன் சூட்டைச் சட்டென்று காலுக்குக் கொடுத்துவிடுகிறது, சாக்கு கொடுப்பதில்லை. இரும்பு கல்லையும் மிஞ்சும். மூன்று மணிக்குத் தொட முடியாத அதே குழாய், மார்கழி விடியலில் முதல் பஸ்ஸுக்கு வருகிற பிள்ளைகளைக் கடிக்கும். நான் வருஷா வருஷம் எட்டாம் வகுப்பில் இதை நடத்தியிருக்கிறேன்.

சுனாமி வந்ததற்கு முந்தின வருஷம், பங்குனி மாதம். மூன்றரை மணி இருக்கும். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது, பிறகு சத்தம் வந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் தெரியும். என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை. கம்பெனியில் அம்மா இருக்கிற பிள்ளைகள் மட்டும் எழுந்து நின்றார்கள்.

காயப்போட்டிருந்த சரக்கில் தீப்பிடித்தது என்றார்கள். ஏழு பேர் போனார்கள். அந்த ஏழு பேரில் நான்கு பேர் அப்போது வேலையே செய்யவில்லை. இரண்டு மணிக்கே முடித்து, கைகால் கழுவி, தூக்குவாளியையும் கழுவி எடுத்துக்கொண்டு, காயப்போடும் மேடைக்குப் பக்கத்தில் இருந்த வேப்பமரத்தடியில் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தார்கள். முத்துலட்சுமி, மாரியம்மாள், காளீஸ்வரி, சண்முகத்தாய். ஐந்தாவதாக அங்கே இருக்க வேண்டியவள் பேச்சியம்மாள். அன்று காளீஸ்வரி அவளுடைய புளிக்குழம்பைக் கேலி செய்துவிட்டாள். "ஒன் மொகத்துல முழிக்கிறதுக்கு வெயில்ல வெந்து சாகலாம்டி" என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மாள் வந்து விலக்கில் தனியாக நின்றாள். அதனால் இன்று எனக்குப் போன் செய்ய ஆள் இருக்கிறது.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் சங்கரபாண்டியனை முதலில் பார்த்தேன். நாலு மணி வெயில். நாங்கள் வழக்கம்போல் குடை பிடித்தும் முந்தானையைத் தலையில் போட்டும் வெளியே நின்றோம். நிழற்குடைக்குள் ஒருவர் மட்டும் அந்தக் குழாயில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் சிவந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர் போல என்று நினைத்தேன்.

"சார், அது சுடும். எந்திரிச்சு வாங்க."

"தெரியுது டீச்சர்" என்றார். "நான் கட்டினதுதான்."

பஸ் வந்தது. நாங்கள் ஏறினோம். அவர் ஏறவில்லை. அடுத்த நாளும் இருந்தார், அதற்கடுத்த நாளும். எதற்காக என்பதை ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னார். விபத்துக்குப் பிறகு விசாரணைக்கு வந்த அதிகாரி, "வேலை முடிஞ்சவங்க எதுக்கு உள்ளே இருந்தாங்க? வெளியே பஸ் ஸ்டாப் இருக்கில்ல?" என்று கேட்டாராம். இடிந்த சுவரை அளந்து கொடுக்க வந்திருந்த சங்கரபாண்டியன் டேப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருக்கிறார். பேச்சியம்மாள் பதில் சொல்லியிருக்கிறாள்: "நீங்க ஒரு நா அதுல உட்காந்து பாருங்கய்யா. குண்டி வெந்துபோகும். அதான் அவளுக உள்ளயே இருந்தாளுக."

அதிகாரி அதை எழுதிக்கொள்ளவில்லை. அறிக்கைகளில் எழுதுகிற மாதிரியான வாக்கியம் இல்லை அது. விபத்துக்கான காரணங்களில் நிழற்குடை என்ற சொல்லே வரவில்லை. யாரும் சங்கரபாண்டியனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கு நல்லதாக இருந்திருக்கும் என்று பிற்பாடு எனக்குத் தோன்றியிருக்கிறது.

நான் அறிவியல் ஆசிரியை என்று தெரிந்ததும் பள்ளிக்கே வந்து ஆய்வுக்கூடத்து வெப்பமானிகளைக் கேட்டார். ஒன்றைக் குழாயில் கட்டினார். ஒன்றைக் கூரைக்கு அடியில் தொங்கவிட்டார். மூன்றாவதைக் கம்பெனிக்குள் கருகி நின்ற வேப்பமரத்துக்குப் பக்கத்தில், இன்னும் இலை இருந்த இன்னொரு மரத்தில் கட்டினார். அரை மணிக்கு ஒரு தரம் குறித்தார். நோட்டை வாங்கிப் பார்த்தேன். வெப்பத்துக்குப் பக்கத்தில், அந்த நேரத்தில் யார் யார் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒரு வரிசை. இரண்டு மணி, நான் மட்டும். இரண்டரை, நான் மட்டும். மூன்று, நான் மட்டும். பக்கம் பக்கமாக அப்படித்தான் இருந்தது.

"வரைபடத்துல வடக்கு எங்கேன்னு போட்டிருக்கும் டீச்சர்" என்றார். "மணி எத்தனைன்னு போட்டிருக்காது."

அதற்குள் கம்பெனி வேறு பெயரில் திறந்துவிட்டது. சீசன் ஆர்டர்கள் குவிந்து கிடந்தன. பெண்கள் திரும்ப வந்தார்கள். வராமல் என்ன செய்வார்கள்? இரண்டு மணிக்கு முடித்தவர்கள் திரும்பவும் உள்ளேயே, வெப்பமானி கட்டியிருந்த அந்த மரத்தடியில் உட்கார்ந்தார்கள். சங்கரபாண்டியன் போர்மேனிடம் போய்ச் சொல்லிப் பார்த்தார். "நான் போகச் சொன்னா என்னையத்தான் ஏசுறாளுக சார்" என்றார் போர்மேன். "வெயில்ல எங்கன போய் நிக்க, ஒன் தலையிலயான்னு கேக்காளுக."

ஆக, கட்டடத்தைச் சரி செய்வது ஒன்றே வழி. மேற்குத் திறப்பை அடைத்து ஒரு சுவர் எழுப்பி, வாசலைத் தென்பக்கம் வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். முன்பக்கத்தை மூடினால் பெரிய மனிதரின் பெயர் என்னாவது என்று அலுவலகத்தில் யோசித்தார்கள். "சுவர் வந்தா பேரை மூணடி உசர எழுத்துல எழுதலாம் சார், சாத்தூர் போறவனுக்கும் தெரியும்" என்றிருக்கிறார். சங்கரபாண்டியன் வாழ்க்கையில் செய்த ஒரே தந்திரம் இதுவாகத்தான் இருக்கும். உடனே அனுமதி வந்தது. சுவர் எழும்பியது. கூரை மேல் சின்ன மண்கலயங்களை நெருக்கமாகக் கவிழ்த்து அடுக்கி மேலே சுண்ணாம்பு பூசினார். குழாயை எடுத்துவிட்டுப் பனங்கட்டையில் பலகை போட்டார். உள்ளே போய் உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு அப்படி ஒரு குளுமையை அந்தச் சாலையில் நான் கண்டதில்லை.

இரண்டு நாள் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் பார்த்தால் எல்லோரும் திரும்பவும் வெளியே வெயிலில். சங்கரபாண்டியன் மொபெட்டிலிருந்து இறங்கி, ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

"ஏன்மா, உள்ள சுடுதா?"

"உள்ள குளுகுளுன்னுதான் இருக்கு ஓவர்சியரே" என்றாள் பேச்சியம்மாள். "ஆனா பஸ்ஸு வந்ததே போனப்புறந்தான் தெரியுது. நேத்துக் கதை பேசிக்கிட்டே இருந்துட்டோம். அவனுக்கு எங்களத் தெரியல, எங்களுக்கு அவனத் தெரியல. அவன் பாட்டுக்குப் போயிட்டான். ஆறரை வரைக்கும் கிடந்தோம். ஒங்க சுவத்துக்குப் பொட்டு வச்சுக் கும்புடவா?"

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் தடத்தில் சாலை ஓரத்தில் நின்று கையை நீட்டாவிட்டால் பஸ் நிற்காது. எனக்கும் தெரிந்த விஷயம்தான். சுவர் எழும்பிய நாட்களில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. தலைகளை எண்ணினார்.

"வழக்கமா பதினோரு பேருல்ல? மத்தவுக எங்க?"

"மூணு பேரு வரல. உள்ள மரத்தடியிலயே இருந்துக்கிட்டாக. கடைசி நேரத்துல ஓடி வருவாக."

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். மொபெட்டைப் போட்டது போட்டபடி கம்பெனிப் பக்கம் நடந்தார், கிட்டத்தட்ட ஓடினார். அந்த மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். என்ன சொல்லிக் கூட்டி வந்தார் என்று தெரியாது. அவர்கள் பயந்துபோயிருந்தார்கள்.

மறுநாள் என்னிடம் கலர் சாக்பீஸ் வாங்கிக்கொண்டார். பஸ் வருவது வடக்கேயிருந்து. வடக்குச் சுவர் ஓரமாகப் பெண்களை ஒவ்வொருவராக உட்காரச் சொல்லி, கண் இருக்கும் உயரத்தில் சுவரில் கோடு போட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே சாலை தெரிகிற மாதிரி ஒரு திறப்பு வைக்க வேண்டும். அது நிற்கிறவர்களின் உயரத்தில் இருந்தால் பயன் இல்லை.

"ஏ புள்ள, கண்ணை அளக்காக. எந்த ஊரு மாப்பிள்ளையோ?"

"எனக்கு ஒண்ணரைக் கண்ணு ஓவர்சியரே, ரெண்டு கோடாப் போடுங்க."

"அவ உட்காந்தா எங்க, நின்னா எங்க? எல்லாம் ஒரே உசரந்தேன்."

பதினோரு கோடுகள் போட்டு முடிந்தன. கிளம்பப் போனார்கள். அவர் சாக்பீஸை வைக்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"காளீஸ்வரி எம்புட்டு உசரம்?"

சிரிப்பு நின்றுவிட்டது. பேச்சியம்மாள் பலகையில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒருத்தி இருப்பது போலத் திரும்பி, தன் காதுக்கு நேராகக் கையை நீட்டினாள். "இந்தா, இம்புட்டு." அவர் அங்கே ஒரு கோடு போட்டார். "சண்முகத்தாய்?" அவள் நெட்டை. "மாரியம்மாள்? முத்துலட்சுமி?" ஒவ்வொருத்திக்கும் யாராவது ஒருத்தி கையை நீட்டிக் காட்டினாள். கடைசியில் பதினைந்து கோடுகள். அந்தத் திறப்பு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்றால், அந்தப் பதினைந்தில் கீழே இருந்த கோட்டில் தொடங்கி மேலே இருந்ததில் முடிந்தது.

சாலை தெரிந்துவிட்டது. ஆனால் டிரைவருக்கு ஆள் தெரிய வேண்டுமே. அங்கேதான் அவருக்கு அப்பாவின் நினைவு வந்தது. விருதுநகர் ரயில் சந்திப்பில் கைகாட்டி இழுக்கிற வேலை பார்த்தவர் அவர். சங்கரபாண்டியன் ஒரு தகரத்தைக் கை மாதிரி வெட்டிச் சிவப்பு அடித்து, நிழற்குடையின் மேல் ஒரு கம்பத்தில் பொருத்தினார். அதிலிருந்து ஒரு கயிறு உள்ளே இறங்கியது. உட்கார்ந்த இடத்தில் கயிற்றை இழுத்து ஆணியில் மாட்டினால் வெளியே கை உயரும். பஸ்ஸில் ஏறப் போகும்போது அவிழ்த்துவிட்டால் இறங்கும்.

முதல் நாள் டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டி, "என்னம்மா இது? நான் ஓட்டுறது பஸ்ஸா, பாசஞ்சர் ரயிலா?" என்று கத்தினார்.

"ரயிலா இருந்தா ஒழுங்கா நின்னிருக்குமே!" என்றாள் ஒருத்தி.

அதிலிருந்து எல்லோரும் உள்ளே உட்கார்ந்தார்கள். சும்மா இருந்தால் பொழுது போகவில்லை என்றதும் பலகையில் தாயக்கட்டம் செதுக்கிக் கொடுத்தார். காலையில் பள்ளிக்கு வருகிற பிள்ளைகளுக்கு மார்கழி வாடை அந்தத் திறப்பு வழியாக மூஞ்சியில் அடிக்கிறது என்று நான் சொன்னபோது, அதற்கு ஒரு தள்ளுபலகை போட்டார். கையில் பட்டாசு மருந்து ஒட்டியிருக்கிற பெண்கள் உட்காரத் தயங்கியதைப் பார்த்து வாசலில் கை கழுவ ஒரு சிமெண்ட் தொட்டி கட்டினார். எதைச் செய்தாலும் இரண்டு மணிக்கு வந்து நோட்டைப் பிரித்துக்கொண்டு மூலையில் உட்காருவார். "நான் மட்டும்" என்பது அந்த நோட்டில் இல்லாமல் போயிற்று. இருந்தும் அவர் கம்பெனிச் சாலையைப் பார்த்தபடியேதான் இருப்பார். யாராவது அந்தப் பக்கமிருந்து வருகிறார்களா என்று. எல்லோரும் வந்து சேர்ந்த பிறகும்.

ஒரு ஐப்பசியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்கு லீவு, பள்ளிக்கும் லீவு. விலக்கில் யாருமே இல்லை. நாலேகால் பஸ் வந்தபோது தகரக் கை உயர்ந்திருந்தது. டிரைவர் நிறுத்தினார். கண்டக்டர் இறங்கிப் போய் உள்ளே பார்த்துவிட்டு, "ஒருத்தருமில்லண்ணே" என்று திரும்பி வந்தார். அடுத்த வாரம் இதை அவர்களே எங்களிடம் சொன்னார்கள். நான் விளக்கம் சொன்னேன். அன்று தூறல், நனைந்த சணல் கயிறு சுருங்கும், சுருங்கினால் கை ஏறும். துணி காயப்போடுகிற கொடிக்கயிறு மழையில் விறைப்பதைப் பார்த்ததில்லையா என்று உதாரணமும் கொடுத்தேன். சங்கரபாண்டியன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு டிரைவரிடம் கேட்டார்.

"கொஞ்ச நேரம் நிப்பாட்டினீகளா?"

"ஒரு நிமிஷம் நிப்பாட்டினோம் சார். யாராச்சும் ஓடி வாறாகளோன்னு."

"சரி" என்றார். "அது போதும்."

அந்த டிரைவர் அதன் பிறகு, கை உயர்ந்திருந்தால், ஆள் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் ஒரு நிமிஷம் நிறுத்துவார். அவசரப்படுகிற பயணிகள் ஏசுவார்கள். அவர் காரணம் சொன்னதில்லை.

இரண்டு வருஷம் கழித்து, நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால், கம்பெனியில் மறுபடி தீப்பிடித்தது. மூன்று மணிக்கு. பழைய அளவுக்கு இல்லை. ஒரு அறையும் ஒரு மேடையும் போயின. மேடைக்குப் பக்கத்தில் இருந்த மரம் போயிற்று. அதன் அடியில் யாரும் இல்லை. இரண்டு மணிக்கு முடித்த அத்தனை பேரும் விலக்கில் தாயம் உருட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டதும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு எண்ணிப் பார்த்தார்களாம். அறைக்குள் வேலை செய்துகொண்டிருந்தவர்களும் ஓடித் தப்பித்திருந்தார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை.

பேச்சியம்மாளும் மற்றப் பெண்களும் மறுநாள் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போனார்கள். என்னையும் கூட்டிப் போனார்கள். பேச்சியம்மாள் தட்டை மேஜையில் வைத்து, "பதினோரு பேரும் வெளிய இருந்தோம் ஓவர்சியரே. அம்புட்டுப் பேரும். ஒங்க நிழல்லதான்" என்றாள். நாங்கள் அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தோம்.

அவர் எழுந்து நின்றார். தட்டைத் தொடவில்லை. எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் இன்னும் யாரோ நிற்பது போல வாசலையும் பார்த்தார்.

"அப்போ, மொதல்லயே இப்படிக் கட்டியிருந்தா" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

அதுவரை அவருக்கு ஒரு சந்தேகம் இருந்திருக்க வேண்டும். நிழற்குடை எப்படி இருந்திருந்தாலும் அந்த நான்கு பேரும் உள்ளேதான் இருந்திருப்பார்களோ என்ற சந்தேகம். அதைப் பிடித்துக்கொண்டு அவர் தூங்கியிருக்கலாம். நாங்கள் பூவும் பழமுமாகப் போய் அதைப் பிடுங்கிவிட்டு வந்தோம். நன்றி சொல்லப் போனவர்கள் செய்த காரியம் அது. அந்த நாளுக்குப் பிறகு அவர் ஆவாரங்குளம் விலக்குக்கு வரவில்லை. அந்தப் பக்கம் வேலை இருந்தால்கூட, நான்கைந்து கிலோமீட்டர் சுற்றி வேறு சாலையில் போவாராம்.

ஓய்வு பெற்றபின் நான் மகளோடு விருதுநகருக்கு வந்துவிட்டேன். அவரும் ஓய்வு பெற்றுச் சூலக்கரை வீட்டில் இருந்தார். உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு மூன்று மாதத்துக்கு முன்னால் பார்க்கப் போனேன். கால்கள் வீங்கியிருந்தன. கட்டிலில் சாய்ந்திருந்தார். "வாங்க டீச்சர், சாப்பிட்டீகளா?" என்று கேட்டார். ஊர்ச்செய்தி பேசினோம். கிளம்புகிற நேரத்தில், நெடுநாள் வைத்திருந்ததை எடுப்பது போல மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்காதீக. அந்த நெருப்புக்கு முன்னாடி ஆறு வருஷம் அந்த ஸ்டாப்புல தினமும் நின்னீக. சூட்டைப் பத்திப் பாடம் நடத்துறவுக. இப்படி வெயில் உள்ள வருதுன்னு ஒரு கார்டு போடணும்னு தோணலையா?"

குரலில் கோபம் இல்லை. பாடத்தில் புரியாத இடத்தைக் கேட்கிற மாணவன் மாதிரிக் கேட்டார். நான் எத்தனையோ பதில்களைத் தேடினேன். குடை இருந்தது, பழகிவிட்டது, யாருக்குப் போடுவது என்று தெரியாது. எல்லாம் உண்மை.

"அதைக் கட்டினது ஒரு ஆளுன்னே நான் நினைக்கல சார்" என்றேன் கடைசியில்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அதான் டீச்சர். நானும் அதுல உட்காரப் போறது ஆளுகன்னு நினைக்கல."

அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று இந்த ஒரு மாதமாக யோசிக்கிறேன். அவர் சொன்ன நல்ல வார்த்தைகள் இருக்கின்றன. அந்த நோட்டு எங்கே என்று தெரியவில்லை, வீட்டில் தேடிப் பார்த்ததில் கிடைக்கவில்லை என்றார்கள். என்னிடம் உள்ளது அந்தக் கேள்விதான். அதற்குச் சரியான பதில் சொல்லாமல் அவரை அனுப்பிவிட்டேன். கேள்வி மட்டும் இங்கே தங்கிவிட்டது.

போன வாரம் என் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்த பஸ் ஸ்டாப்பைப் பார்த்தேன். பளபளவென்று தகரக் கூரை, பளபளவென்று எவர்சில்வர் இருக்கை. மணி மூன்று. உள்ளே யாரும் இல்லை. வெளியே ஒரு மின்கம்பம், அதன் நிழல் தரையில் ஒரு கோடாக விழுந்திருந்தது. அந்தக் கோட்டுக்குள் ஏழு பேர், ஒருவர் பின் ஒருவராக, வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது விசித்திரமாகத் தெரியவில்லை. முன்பு என்றால் எனக்கும் தெரிந்திருக்காது.

அவர்களிடம் போய், ஏன் உள்ளே உட்காரவில்லை என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். சொன்னதைச் சொன்னபடி ஒரு கார்டில் எழுதினேன். எந்த அலுவலகம் என்று விசாரித்து முகவரி போட்டு, பெறுநர் இடத்தில் பதவியின் பெயரை எழுதினேன். அது போதாது என்று தோன்றியது. அதை அடித்துவிட்டு, மேலே இப்படி எழுதித் தபாலில் சேர்த்தேன்: "இதைக் கட்டியவருக்கு."